பாஸ்டரம்மாவின் பித்தளைச் சருவம்

இந்தப் பாட்டு முடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும். பாஸ்டர் கையைச் சுழற்றி மூன்றாவது சரணத்தைத் திரும்பப் பாடச் சொல்கிறார், பாடட்டும், தொண்டை கட்டுகிற வரைக்கும் பாடட்டும். பாட்டு நின்றால் மேசைமேல் போர்த்தியிருக்கும் வெள்ளைத் துணியை எடுப்பார்கள். துணிக்கு அடியில் பாஸ்டரம்மாவின் பித்தளைச் சருவம் இருக்கிறது, அகல வாய்ப் பாத்திரம், அவர்கள் அம்மா வீட்டுச் சீதனம். அதற்குள் நேற்றுச் சாயங்காலம் பிழிந்து ஊற்றிய திராட்சை ரசம் விடிய விடிய ஊறிக் கிடக்கிறது. நினைத்த மாத்திரத்தில் என் நாக்குக்கு அடியில் தண்ணீர் சுரக்கிறது. பசியில் சுரப்பது இல்லை, குமட்டலுக்கு முன்னால் ஒரு தண்ணீர் வருமே, அது. விழுங்குகிறேன். வாய் தன் பாட்டுக்குப் பாடுகிறது, மூக்கு மட்டும்தான் முழித்துக்கொண்டிருக்கிறது. கானான்விளையில் எங்கள் வெண்மந்தைச் சபைக்கு நகை கிடையாது, பூ கிடையாது, பவுடர் கிடையாது, வெள்ளையைத் தவிர வேறு நிறம் கிடையாது, அதனால் வேர்வைக்கு ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. நீலம் போட்ட துணி வாடை, தேங்காயெண்ணெய் வாடை, யாரோ ஒருத்தியின் அக்குள் வாடை. அத்தனைக்கும் கீழே, பாய்க்கும் கீழே, பினாயில் ஊற்றி ஊற்றிக் கழுவியும் சிமெண்டுத் தரையை விட்டுப் போகாத இன்னொரு வாடை. போன திருவிருந்தில் இந்தச் சபை எடுத்த வாந்தியின் வாடை. அது தங்கள் மூக்குக்கு எட்டவே இல்லை என்கிற மாதிரி எல்லாரும் கண்ணை மூடிப் பாடுகிறார்கள். என் இடப்பக்கம் லில்லிபாக்கியம் அம்மாள், எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர்கள். என் மகள் செல்வசீலிக்கும் அவர்கள் மகனுக்கும் கல்யாண ஓலை இரண்டு வாரம் வாசித்தாயிற்று, ஒருவரும் தடை சொல்லவில்லை, இன்றைக்கு மூன்றாவது, இதையும் வாசித்துவிட்டால் கல்யாணம் உறுதி. ஆனால் அந்த அம்மாள் மருமகளைப் பார்க்க வரவில்லை. என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள். சபையே வாந்தி எடுத்த அன்றைக்கு எடுக்காமல் நின்ற பரிசுத்தவதியைப் பார்க்க. வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், கண்ணில் இருந்த பீளை என் விரலில் ஒட்டிவிட்டது, இன்னும் சேலை மடிப்புக்குள் அந்த விரலைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றிலும் அருவருப்புதான். என் அம்மாவே சொல்வாள், இவள் ராணி வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள் என்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரின் தோல்செருப்பைத் துடைத்து வைக்கிற வேலைகூட எனக்குக் குமட்டும், பெருவிரல் பதிந்த குழியில் கறுப்பாகப் பிசுபிசுவென்று அழுக்கு, அதைத் துணியால் வழித்து எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அவர் சபையின் மூப்பர், அவர் செருப்பு பளிச்சென்று இருக்க வேண்டும், இன்று காலையிலும் துடைத்து வைத்தேன். இதுவே இப்படி என்றால் அந்தக் கிண்ணம் எப்படி இருக்கும்? ஒரே கிண்ணம். பாஸ்டர் வாய் வைத்து, மூப்பர்கள் வாய் வைத்து, ஆண்கள் பக்கம் அத்தனை மீசையும் நனைந்து எழுந்து, பல்செட்டுக் கட்டியவர்கள், வாய்ப்புண் வந்தவர்கள், காலையில் பல் தேய்த்தார்களோ இல்லையோ என்று தெரியாதவர்கள் எல்லாரும் உறிஞ்சிய பிறகு பெண்கள் பக்கம் வரும். விளிம்பில் அப்பத் துணுக்கு ஒட்டியிருக்கும். ரசத்தின் மேலே கண்ணாடி மாதிரி ஒரு எண்ணெய்ப் படலம் மிதக்கும். நான் ஒருநாளும் அதைக் குடித்ததில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு விளிம்பில் வைப்பேன், தலையைச் சாய்ப்பேன், தொண்டையை மட்டும் ஒருமுறை அசைப்பேன். கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த நாள் முதல் இப்படித்தான். பக்தி என்பது வேறு, எச்சில் என்பது வேறு. ஆண்டவருக்கு அது புரியும், சபைக்குப் புரியாது. என்னை இன்றைக்குப் பரிசுத்தவதி ஆக்கியிருப்பது இந்த எச்சில் அருவருப்பு, அவ்வளவுதான். விஷயம் தெரிந்தால் லில்லிபாக்கியம் அம்மாள் என் கையை எங்கே ஒற்றுவார்களோ.

அன்றைக்கும் இதே பாட்டுத்தான். பாட்டு முடிந்து, அப்பம் பிட்டு, கிண்ணம் சுற்றி வந்து, பாஸ்டர் கடைசி ஜெபத்துக்குக் கையைத் தூக்கியபோது ஆண்கள் பக்கத்தில் மளிகைக்கடைப் பொன்னையா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போக முடியவில்லை, முன்னால் இருந்தவரின் முதுகில் எடுத்துவிட்டார். அதைப் பார்த்து அடுத்தவர். அப்புறம் யார் முதல், யார் பின் என்று தெரியவில்லை. பெண்கள் ஒருத்தி மடியில் ஒருத்தி, பிள்ளைகள் அலறல், வெள்ளைச் சேலைகளில் எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் கறை. மரியாதையான மனிதர்கள், ஊரில் யாரையும் நிமிர்ந்து பேசவிடாத மனிதர்கள், நாலு காலில் தவழ்ந்து வாசலுக்குப் போனார்கள். பாஸ்டரே மேசைத் துணியில் எடுத்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தேன். அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, என் காலில் படாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. கடைசியில், வாசலை ஒட்டி, செருப்புகளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த, அப்பம் சுட்டுத் தருகிற மார்த்தாளும் எடுக்கவில்லை. அவள் என்னை மாதிரிச் சுவரோடு ஒட்டவில்லை. ஓடி ஓடி ஒவ்வொருவர் நெற்றியையும் பிடித்துவிட்டாள், வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள், கூடத்தைக் கழுவினாள். எடுக்காதவர்கள் நாங்கள் இரண்டே பேர். மறுவாரம் என்னைப் பற்றிப் பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னார், அக்கினிச் சூளையிலும் கருகாத பாத்திரம் என்றார். மார்த்தாளைப் பற்றியும் அதே பிரசங்கத்தில்தான் கேட்டார், அவளுக்கு மட்டும் எப்படி ஒன்றும் ஆகவில்லை என்று. ஒரே மாதிரி இரண்டு வயிறு. ஒன்று முன்வரிசையில் இருந்தது, ஒன்று வாசலில் இருந்தது.

ஆனால் அந்தப் பிரசங்கத்துக்கு முன்னால் ஒரு வாரம் போனதே, அதைத்தான் நினைக்க நினைக்க எனக்குக் குமட்டுகிறது, வாந்தியைவிட அதிகமாக. தகுதியில்லாமல் கிண்ணத்தைத் தொட்டவனை அந்தக் கிண்ணமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பேச்சு வராத பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிற சபை இது. அப்படியானால் வாந்தி எடுத்தவர்கள் எல்லாரும் யார்? அந்த வாரம் தெருவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பொன்னையா கடையில் தராசை எண்ணெய் போட்டுத் துடைத்தார், கேட்காமலே ஒரு கை பருப்பு கூடப் போட்டார். தங்கக்கனிச் சித்தி அரிசிப் பானைக்கு அடியில் புதைத்து வைத்திருந்த காப்பைத் தோண்டி எடுத்துத் திருச்செந்தூர் ரோட்டில் விற்றுவிட்டு வந்தாள். என் வீட்டுக்காரர் சாப்பாட்டைப் பிசைந்த கையோடு உட்கார்ந்திருப்பார். எந்தப் பாவத்தை நினைக்கிறாரோ, நான் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். ஊர் முழுக்க அவரவர் அழுக்கைத் தாங்களே மோந்துகொண்டு கிடந்தது. புதன்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டரம்மா கண்ணை மூடியபடியே, மெதுவாக, யாரையும் பார்த்துக் கேட்காத மாதிரிக் கேட்டார்கள், "அப்பத்து மாவுல கை வச்சது யாரு?" அவ்வளவுதான். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான் கேட்டேன், இந்தக் காதால் கேட்டேன், தாகத்தில் கிடந்த மாடு தண்ணீரைக் கண்டால் விடுகிற மூச்சு. பாவம் இல்லையா, நாங்கள் பாவிகள் இல்லையா, செய்வினையா? ஐயோ, செய்வினையாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். தங்கக்கனிச் சித்திக்கு அன்று ராத்திரியே காப்பை விற்றது உறுத்தியிருக்கும். மறுநாள் பொன்னையாவின் தராசு பழையபடி ஆகிவிட்டது.

அப்பம் சுட்டது மார்த்தாள். முன்பு தங்கக்கனிச் சித்தி வீட்டில்தான் தலைமுறையாகச் சுடுவார்கள், கல் மாதிரி இருக்கும், பிட்டால் பல்லில் தெறிக்கும். மார்த்தாள் ஞானஸ்நானம் எடுத்து வந்த பிறகு ஒருமுறை சித்திக்குக் காய்ச்சல் என்று அவளைச் சுடச் சொன்னார்கள். புளிப்பில்லாத அப்பம் இத்தனை மெதுவாக வருமா என்று பாஸ்டர் பிரசங்க மேடையிலேயே கேட்டுவிட்டார். அதோடு அந்த வேலை அவளுக்கு. பாராட்டு என்றால் எங்கள் சபையில் அது ஒன்றுதான் உண்டு, நகை இல்லை, நல்ல சேலை இல்லை, ஒருத்தியை இன்னொருத்தி மிஞ்சுவதற்கு வேறு வழியே இல்லை, அதையும் நேற்று வந்தவள் கொண்டுபோய்விட்டாள். அவள் புருஷன் எங்கள் சபைப் பையன், பனையிலிருந்து விழுந்து செத்தான். அவள் பிறந்த வீடு தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம், அண்ணன் சுடலைமாடன் கோயில் கோமரத்தாடி, கொடைத் திருவிழாவன்று சாமி வந்து ஆடுகிறவன். சபைக்கு வந்ததால் அண்ணன் அவளைத் தலைமுழுகிவிட்டான். ஞானஸ்நானத் தொட்டியில் முக்கி எடுத்து மார்த்தாள் என்று பெயர் வைத்து, சாட்சி சொல்லச் சொல்லி, பிசாசின் பிடியிலிருந்து பறித்து வந்த ஆத்துமா என்று வெளியூர்க் கூட்டங்களில் எல்லாம் நிறுத்திக் காட்டினோம். புதன்கிழமை ஜெபத்துக்குப் பிறகு யாரும் அவளை மார்த்தாள் என்று சொல்லவில்லை. இசக்கியம்மாள், இசக்கியம்மாள். அந்தப் பழைய பெயரை எங்கேதான் வைத்திருந்தார்களோ. மடித்து, பெட்டிக்கு அடியில், பத்திரமாக.

பாட்டு நின்றுவிட்டது. இல்லை, மூச்சு வாங்குகிறார்கள். மறுபடி. செல்வசீலி திரும்பி என்னைப் பார்க்கிறாள், என் மகள், மூக்குத்தித் துளைகூட இல்லாத வெறும் முகம், அதில் இன்றைக்கு மட்டும் ஒரு பளபளப்பு. அம்மா சிரி, என்கிறது அவள் கண். சிரிக்கிறேன். நாக்கில் பித்தளை ருசி வருகிறது, நான் குடிக்கவே இல்லை, எப்படி வருகிறது? சருவத்தை நான்தானே கழுவினேன். பீங்கான் ஜாடி விரிசல் விட்டதால் பாஸ்டரம்மா அதைக் கொண்டுவந்தார்கள். முன்பெல்லாம் திருவிருந்தன்று காலையில்தான் பிழிவோம், அந்த முறை சனிக்கிழமையே பிழிந்து ஊற்றி வைத்தார்கள், ஊறினால் நிறம் வரும் என்று. எல்லார் வீட்டிலும் இப்போது எவர்சில்வர்தான், பித்தளைக்கு உள்ளே ஈயம் பூச வேண்டும் என்பதே பாதிப்பேருக்கு மறந்துபோயிற்று. அந்தச் சனிக்கிழமை சருவத்தின் உள்பக்கத்தைத் துடைத்தபோது துணியில் பச்சையாக வந்தது. களிம்பு. ஈயம் எப்போதோ தேய்ந்துபோய் வெறும் பித்தளை பல்லிளித்துக்கொண்டிருந்தது. என் அம்மா வீட்டில் ஈயம் போன பாத்திரத்தில் புளியைக் கரைத்தால் அடி விழும், புளிப்பு பட்டால் களிம்பு விஷம் என்று. "அம்மா, இதுக்கு ஈயம் பூசணும் போல இருக்கே," என்று சொன்னேன். பாஸ்டரம்மா அந்தத் துணியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "நேசபுஷ்பம், இது எங்கம்மா குடுத்தது. இதுல எத்தன கலியாணத்துக்குப் பாயசம் வச்சிருக்கு தெரியுமா? ஒனக்கு எதுலயும் ஒரு அசிங்கம்தான்." சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நான் துணியை அலசினேன். வாந்தி நடந்த பிறகு அவர்கள் என்னை நேராகப் பார்க்கவே இல்லை. மாவில் கை வைத்தது யார் என்று கேட்டபோது ஏன் கண்ணை மூடியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போதும் மேசைக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள், நல்ல குரல், அந்தக் குரலைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் புழு ஊர்கிறது.

மார்த்தாள் ஏன் எடுக்கவில்லை என்றும் எனக்குத் தெரியும். கிண்ணத்தை நிரப்புகிறவர் என் வீட்டுக்காரர். முன்வரிசைக்கு நிரப்புவார், நடுவரிசைக்கு நிரப்புவார், வாசல் பக்கம் போகப் போக அவர் கைக்கு நிரப்பத் தோன்றாது. கடைசி ஆளுக்குக் கிண்ணம் வற்றித்தான் போகும். ஒவ்வொரு மாதமும் அவள் காலிக் கிண்ணத்தை வாங்கி, தலையைக் குனிந்து, வாயில் வைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதை வாங்கிக் கழுவுகிறவள் நான், காய்ந்த கிண்ணம், எனக்குத் தெரியாதா? அவளும் குடித்ததில்லை, நானும் குடித்ததில்லை, நான் வேண்டாமென்று, அவள் கிடைக்காமல். இந்த வியாழக்கிழமை என் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. "யக்கா, கிண்ணம் வத்திப்போயிதான் எங்கிட்ட வந்துச்சு. நீங்கதான கழுவுனிய. மூப்பர்மார்ட்ட சொன்னேன், பொய்யின்னுட்டாவ. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க யக்கா, நீங்க சொன்னா கேப்பாவ. என்னைய இங்கருந்து தள்ளுனா அண்ணன் வீட்டுலயும் சேக்க மாட்டான். நான் எங்க போவேன்?" அவள் கையில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. நான் என்ன சொன்னேன்? "ஜெபிக்கிறேன்" என்றேன். ஜெபிக்கிறேன். தூ. எங்கள் சபையில் கதவைச் சாத்துவதற்கு அப்படி ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். அவள் போன பிறகு அவள் கை பட்ட கதவு நிலையைத் துடைத்தேன், அதையும் செய்தேன்.

இன்று காலையில் செருப்பைத் துடைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் வாயைத் திறந்தேன். "இங்கேருங்க, அந்தச் சருவத்துல ஈயம் போயிருக்கு. களிம்பாலதான் எல்லாம் வந்துச்சு. அவளுக்குக் கிண்ணத்துல ஒரு சொட்டும் போகல, அதான் ஒண்ணும் ஆவல." அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஒனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவல? நீ குடிச்சதான?" என்று கேட்டார். நான் கையிலிருந்த அழுக்குத் துணியை மடித்தேன். அவர் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. ரொம்பத் தாழ்ந்த குரலில், "ஓலை வாசிச்சு முடியட்டும் நேசம். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. ஒம் புள்ள வாழணும்லா," என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

இப்போது நிஜமாகவே பாட்டு நின்றுவிட்டது. பாஸ்டர் பேசுகிறார். போன வாரமே சொன்னதுதான், இன்றைக்கு முதல் கிண்ணம் வாசலில் இருக்கும் சகோதரிக்கு, அவள் தகுதியுள்ளவளாக இருந்தால் அது அவள் வயிற்றில் தங்கும், தங்காமல் போனால் அவளுக்குள் இருப்பது எது என்று சபை கண்ணாலே கண்டுகொள்ளும். நியாயமான சோதனை என்கிறார். ஆமென் என்கிறார்கள். சருவத்திலிருந்து முகந்து, இந்தத் தடவை மட்டும், விளிம்புவரை நிரப்புவார்கள். அவளுக்குக் கிடைக்கப்போகும் முதல் நிறைந்த கிண்ணம். குடித்தால் கண்டிப்பாக எடுப்பாள். எடுத்தால் செருப்புத் தட்டுவார்கள். எங்கள் சபை வழக்கம் அது, தள்ளிவைக்கப்பட்டவரை வாசலில் நிறுத்தி, ஆண், பெண், பிள்ளை எல்லாரும் தங்கள் செருப்பைக் கையில் எடுத்து ஒன்றோடு ஒன்று அடித்து, தேரி மண்ணை அவர்மேல் உதறிவிட்டுப் போவார்கள். அதன்பிறகு அவருக்குக் கடையில் சாமான் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, சபைக் காலனியில் வீடு இல்லை. ஒருமுறை பார்த்திருக்கிறேன், மாற்று மதத்துப் பையனோடு போன பெண்ணின் தகப்பனுக்கு. மனுஷன் தலைமயிரெல்லாம் சிவப்பு மண்ணோடு நின்றார், நானும்தான் தட்டினேன், என் செருப்பில் மண்ணே இல்லை, ஆனாலும் தட்டினேன்.

துணியை எடுத்துவிட்டார்கள். சருவம் தகதகவென்று மின்னுகிறது, சோதனைக்காக யாரோ புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச ஈயமும் போயிருக்கும். என் வீட்டுக்காரர் முகந்து ஊற்றுகிறார், விளிம்புவரை. பாஸ்டர் என் பெயரைச் சொல்கிறார். நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம், கருகாத பாத்திரம் கொண்டுபோகட்டும் என்கிறார். லில்லிபாக்கியம் அம்மாள் என் முதுகைத் தடவுகிறார்கள், "போங்கம்மா, ஆண்டவர் ஒங்களோட இருக்காரு." எழுந்திருக்கிறேன். பாஸ்டரம்மா கிண்ணத்தை என் கையில் தருகிறார்கள், முதல் தடவையாக என்னை நேராகப் பார்க்கிறார்கள். "அம்மா, களிம்பு," என்கிறேன், உதடு மட்டும் அசைகிறது. அவர்கள் சிரித்த முகம் மாறாமல், "ஒம் மவளுக்கு மூணாவது ஓலைலா இன்னிக்கு," என்கிறார்கள். பின்னால் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். நடக்கிறேன். பாய்களுக்கு நடுவில் இந்தச் சின்ன வழி இவ்வளவு நீளமா? இருபக்கமும் முகங்கள், எல்லா முகத்திலும் ஒரே பசி. போன மாதம் இதே இடத்தில் கையை ஊன்றித் தவழ்ந்தவர்கள். இவர்கள் நம்பவில்லை, ஒருவர்கூட நம்பவில்லை, இவர்களுக்கு நம்ப வேண்டியிருக்கிறது. தங்கக்கனிச் சித்தி வாயைப் பிளந்து பாடுகிறாள், கடைவாயில் நுரை. கிண்ணத்தின் விளிம்பில் ரசம் தளும்பி என் விரலை நனைக்கிறது, விரலைச் சுற்றிப் பிசுபிசு, மூக்குக்கு வருகிறது பழைய காசைக் கையில் வைத்துத் தேய்த்தால் வருமே அந்த நாற்றம். கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தால் ஓலை வாசிப்பார்கள். செல்வசீலி வாழ்வாள். இவள் எங்கே போவாள்? எங்கேயாவது போவாள். உலகத்தில் எங்கேயாவது போக இடம் இருக்கும். இருக்குமா?

மார்த்தாள் எழுந்து நிற்கிறாள். பயத்தில் முகம் சாம்பல் பூத்திருக்கிறது, ஆனாலும் இரண்டு கையையும் நீட்டுகிறாள், நிறைந்த கிண்ணத்தைப் பார்த்து அவள் கண்ணில் ஒரு சின்ன ஆச்சரியம். ஒரு கணம்தான். பாவி, அவளுக்கு அதில் சந்தோஷம். இத்தனை காலம் காய்ந்த கிண்ணத்தை முத்தமிட்டுக்கொண்டிருந்தவளுக்கு, இந்த நிலைமையிலும், தனக்கென்று நிரப்பியிருக்கிறார்களே என்று. அவள் விரல் கிண்ணத்தைத் தொடுகிறது. நான் விடவில்லை. "யக்கா?" என்கிறாள். என் கை தானாக என் வாய்க்கு வருகிறது. உதட்டை இறுக்குகிறேன், பழக்கம், உதடு திறக்க மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷப் பழக்கம். மீசைகள், பல்செட்டுகள், நுரை, பீளை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. திற. திற. திறந்தேன். இனிப்பு, அப்புறம் கரிப்பு, அப்புறம் தொண்டையைச் சுரண்டிக்கொண்டு இறங்குகிற ஏதோ ஒன்று. நிறுத்தவில்லை, கடைசிச் சொட்டுவரை, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறேன். சத்தமாகவே சொல்கிறேன், எனக்கே என் குரல் தெரியவில்லை: "இப்பப் பாருங்க. இவ தொடல. நான்தான் குடிச்சிருக்கேன். இவ கிண்ணத்துக்கு ஒரு நாளும் ஊத்துனதில்ல, நானும் இன்னிக்கு வரைக்கும் குடிச்சதில்ல. சருவத்துல ஈயம் போயிருக்கு, அவ்வளவுதான். என்னையப் பாத்துக்கிட்டே இருங்க."

பாட்டு துண்டு துண்டாக நிற்கிறது. யாரோ அல்லேலூயா என்கிறார்கள், ஏதோ பெரிய சாட்சி என்று நினைத்து. நான் நிற்கிறேன். வேர்க்கிறது. காதுக்குப் பின்னால் குளிர்கிறது. வரட்டும், சீக்கிரம் வரட்டும், எல்லாருக்கும் நடுவில், இந்த வெள்ளைச் சேலையில், பரிசுத்தவதி எடுக்கட்டும், அப்போது சருவத்தைப் பார்ப்பார்கள், பார்த்துத்தானே ஆக வேண்டும், என் வயிற்றைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? வருகிறது. அடிவயிற்றிலிருந்து யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி. முழங்காலில் விழுகிறேன். மூக்கிலும் வாயிலும் ஒன்றாக வருகிறது, பாயில், கையில், செருப்புகளில். நிமிர்கிறேன், இப்போது பார்த்திருப்பார்கள். ஒருவரும் சருவத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறார்கள், அப்புறம் அவளைப் பார்க்கிறார்கள், அப்புறம் மறுபடி என்னை. தங்கக்கனிச் சித்தியின் குரல்தான் முதலில், "செய்வினையக் கண்ணாலயே ஏத்திட்டா பாத்தியளா! மூப்பர் பொண்டாட்டிமேல ஏத்திட்டா!" இன்னொரு குரல், ஆண் குரல், "ஏத்தல, ரெண்டும் ஒண்ணுதான். இத்தன நாளும் ஆண்டவர் ரத்தத்தக் குடிக்காம ஏமாத்துனேன்னு அவளே சொல்லுதாளே." அதே பெருமூச்சு, அந்த மாட்டு மூச்சு, கூடம் முழுக்க மறுபடி எழுகிறது. முன்வரிசையில் லில்லிபாக்கியம் அம்மாள் எழுந்து, சேலை எங்கேயும் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கவாசல் வழியாகப் போகிறார்கள். செல்வசீலி எழுந்து நிற்கிறாள். என்னிடம் வருவதா அந்த அம்மாள் பின்னால் போவதா என்று அவள் கால்களுக்குத் தெரியவில்லை. பாஸ்டரம்மா வெள்ளைத் துணியை எடுத்துச் சருவத்தை மூடுகிறார்கள்.

மறுபடி குமட்டுகிறது. என் நெற்றியில் ஒரு கை வந்து அழுத்திப் பிடிக்கிறது, மாவு காய்ந்து வெடித்த கை, சொரசொரவென்று. "எடுத்துருங்க யக்கா. உள்ள வைக்காதிய, எல்லாத்தையும் எடுத்துருங்க." யார் தொட்டாலும் கூசுகிற என் உடம்பு கூசவில்லை. தலை முழுவதையும் அந்தக் கையில் போட்டுவிட்டு எடுக்கிறேன். காதுக்குப் பக்கத்தில் டப்பென்று ஒரு சத்தம், மறுபடி டப், கழுத்தில் மண் விழுகிறது, சேலைக்குள் இறங்குகிறது. யாரோ தட்டத் தொடங்கிவிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறேன். தோல்செருப்பு. காலையில் நான்தான் அதைத் துடைத்து வைத்தேன்.